ஒரு பெட்டிக்கு ஒரு தலகாணி

நான் நல்லவன் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் வாயை நான்தான் கெடுத்துக்கொண்டேன். ஆனால் என்னோடு சேர்ந்து கெட்டு, கடைசியில் எனக்குத் தெரியாமல் தன் வாயை மட்டும் காப்பாற்றிக்கொண்ட ஒருவன் இருக்கிறான். அவனை விட்டுவிட்டு என் வாயைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் இல்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் நான் டேலி கிளார்க். படிப்பு முடிந்ததும் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வேலை ரொம்ப எளிது. கன்டெய்னர் வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லோடுமேன்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போவார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். யாரோடும் பேசக் கூடாது. ஒரு மூட்டை தப்பினால் அடுக்கு முழுவதையும் மறுபடி எண்ண வேண்டும். முந்திரிக்கொட்டை இறங்கும் நாளில் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைக்கும். பெட்டிக்குள் வெயில் அடுப்பு மாதிரி இருக்கும். நாங்கள் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வோம்.

யார்டுக்குள் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கொண்டுபோக முடியாது. பஞ்சு, நூல், கயிறு என்று எல்லாம் எரிகிற சரக்கு. கேட்டில் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுவார்கள். இதில் என் அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்மவன் வேல பாக்குற எடத்துல ஒரு பீடித் துண்டு கெடையாது" என்று சொல்வாள். பீடி இல்லை என்பது உண்மை. பீடி நுழைய முடியாத இடத்தில் நுழைந்ததுதான் தலகாணி.

புகையிலைத் தூளை வெள்ளைத் தாளில் பொதிந்த சின்னப் பொட்டணம் அது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் போதும். மெல்ல வேண்டாம், அடிக்கடி துப்ப வேண்டாம், புகை கிடையாது, வாயை மூடிக்கொண்டு நிற்கிற வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. எங்கள் யார்டில் வடிவத்தைப் பார்த்துத் தலகாணி என்று சொன்னார்கள். விற்கக் கூடாது என்று தடை இருக்கிறது. கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை அண்ணாச்சி அதை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பார். "அண்ணாச்சி, தூக்கம் வருது" என்று சொன்னால் போதும். முறுக்கோடு சேர்த்துக் கொடுப்பார். போலீஸ்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போதே நான் இப்படிச் சொல்லி வாங்கியிருக்கிறேன்.

எனக்கு முதலில் அதைக் கொடுத்தவன் என் கூட்டாளி. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், மாதா கோயிலில் புதுநன்மை எடுத்ததும் ஒரே நாள். அவன் எனக்கு முன்பே யார்டில் சேர்ந்திருந்தான். வேலைக்குப் போன முதல் வாரத்தில் எனக்கு ஒரு மூட்டை தப்பிவிட்டது. சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்து, வெயிலில் என்னைத் தனியாக அடுக்கு முழுவதும் எண்ணவைத்தார். முடித்து வெளியே வந்தபோது என் கூட்டாளி பாக்கெட்டை நீட்டினான்.

"வெறும் வாயோட நின்னா எண்ணிக்க தப்பத்தாம்ல செய்யும். இந்தா, ஒண்ணு வையி."

வைத்தேன். உதடு எரிந்தது. தலை சுற்றியது. ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காலையில் தின்ற இட்லி முழுவதையும் வாந்தி எடுத்தேன். லோடுமேன் ஒருவர், "ஏ மாப்ள, பெட்டி எறங்கும் முன்னால நீ எறங்கிட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. அதற்காகவே அடுத்த பெட்டிக்கும் வைத்தேன்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை தப்பவில்லை. ஒரு வாரத்தில் வேலை கைக்கு வந்துவிட்டதுதான் காரணம் என்று இன்று தெரிகிறது. அன்றைக்கு எங்கள் யார்டில் ஒருவன்கூட அப்படி நினைக்கவில்லை. தலகாணி வைத்தவனுக்குக் கணக்கு நிற்கும், வைக்காதவனுக்குத் தப்பும். இது எங்கள் வேதம். ஒரு பெட்டிக்கு ஒரு தலகாணி என்பது முறை. பெட்டிக் கதவில் போட்டிருக்கும் சீலை வெட்டும்போது பாக்கெட் கைமாறும், பெட்டி காலியாகும்போது துப்புவோம். சீல் வெட்டும் 'டக்' என்ற சத்தம் கேட்டால் கீழுதடு தானாகவே உள்ளே மடங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் யாராவது குடைக்கம்பியை 'டக்' என்று மடக்கினால்கூட எனக்கு எச்சில் ஊறியிருக்கிறது.

நாளுக்கு இரண்டில் தொடங்கியது ஆறில் போய் நின்றது. வீட்டில் மீன்குழம்பு வாயில் பட்டால் எரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவைத்தான் திட்டினேன். "என்னம்மா, மொளகாய அள்ளிக் கொட்டிட்டியா?" அம்மா மிளகாயைக் குறைத்தாள். மறுபடி கத்தினேன். இன்னும் குறைத்தாள். ஒன்றரை வருடம் எங்கள் வீடே எனக்காகச் சப்பென்ற குழம்பைச் சாப்பிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதியே பயனில்லை. ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒருவன் எங்களோடு வேலை பார்த்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "பொண்ணு வீட்டுல தெரிஞ்சா அசிங்கம்லா. நான் விட்டுட்டேன்" என்று பாக்கெட்டைத் தள்ளிவிட்டான். விடுவோமா? நான்தான் முன்னால் நின்றேன். பால்புட்டி ஒன்று வாங்கி, பாலும் ஊற்றி, அவன் டேலி அட்டையில் கட்டித் தொங்கவிட்டேன். "ஏலே, பாப்பா எண்ணுது. யாரும் சத்தம் போடாதீங்க" என்று லோடுமேன்களிடம் சொன்னேன். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு மூட்டை தப்பியது. நாங்கள் காதுக்குள் கத்தியதால்தான் தப்பியது. "பாத்தியாலே, வெறும் வாயி!" என்று கைதட்டினோம். இரண்டு வாரத்தில் வேறு யார்டுக்குப் போய்விட்டான். அன்றைக்கு என் கூட்டாளி சிரித்தானா இல்லையா என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வரவில்லை.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருப்பார், இல்லையென்றால் கப்பலுக்குப் போக முயன்றவர்கள் இருப்பார்கள். எங்கள் இருவருக்கும் அதுதான் ஆசை. யார்டில் மூட்டை எண்ணுவது அதுவரைக்கும்தான் என்று சொல்லிக்கொள்வோம். கப்பலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. எனக்கு அது கடைசி முறை. அந்த வருடம் விட்டால் பிறகு கிடையாது. என் கூட்டாளி என்னைவிட ஒரு வயது சின்னவன், அவனுக்கு இன்னொரு முறை இருந்தது. இருவரும் சேர்ந்து பரீட்சை எழுதினோம். இருவரும் தேறினோம். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மிச்சம் இருந்தது மெடிக்கல் ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலைவேளையில், இருவரும் ஒரே பைக்கில் மெடிக்கலுக்குப் போனோம். அவன் ஓட்டினான். வழியில் பணியாரக் கடையில் நிறுத்தச் சொன்னேன். "வெறும் வயித்துல வரச் சொல்லிருக்காங்கல்லா" என்று ஞாபகப்படுத்தினான். எவ்வளவு அக்கறை.

டாக்டர் ஒரு அம்மா, நாசரேத் ஊர்ப் பக்கம். பேச்சில் பள்ளிக்கூட டீச்சரின் கறார். கண், காது, நெஞ்சு, எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "வாயத் திறங்க தம்பி" என்றார்கள். திறந்தேன். "கீழுதட்ட வெளிய இழுங்க." இழுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கையுறை போட்ட விரலால் ஒரு இடத்தை அழுத்தித் தேய்த்தார்கள்.

"எத்தன வருஷமா வைக்கிறீங்க?"

"எத டாக்டர்?"

"எங்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது தம்பி? உள்ள வெள்ளையாத் தடிச்சிருக்கு. தேச்சாப் போகல. இதுல சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பாம நான் கையெழுத்துப் போட முடியாது."

"எப்ப டாக்டர் ரிசல்ட் வரும்?"

"மொதல்ல டெஸ்டுக்குக் குடுங்க. அது வந்து நல்லதா இருந்தாப் பாக்கலாம். இப்போதைக்குத் தகுதி இல்லன்னுதான் எழுதுவேன்."

பயிற்சி தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

வெளியே வந்தேன். அவன் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, தகுதி என்று எழுதிய தாளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில் எனக்கு என்ன தேவைப்பட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உதட்டில் வெள்ளை என்று சொல்லிக் கதவைச் சாத்தி இரண்டு நிமிடம் ஆகவில்லை, எனக்குத் தலகாணி வேண்டியிருந்தது.

"ஒண்ணு குடுல."

"வேண்டாம்ல இப்ப."

"குடுன்னு சொல்லுதேம்லா."

அவன் எனக்கு எப்போதும் எடுத்துக் கொடுக்கிற வலது பக்கப் பேன்ட் பையைத் தடவினான். அதில் இல்லை. மேல்சட்டைப் பையில் பாக்கெட் தெரிந்தது. அவன் தடுப்பதற்குள் எட்டிப் பிடுங்கி ஒன்றை எடுத்து உதட்டுக்குள் செருகினேன்.

எரியவில்லை.

இனித்தது. சோம்பு.

நான் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்தேன். வெள்ளைத் தாளுக்குள் இடித்த சோம்பு. ஓரமெல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தது.

"என்னதுல இது?"

அவன் பாக்கெட்டுக்குக் கை நீட்டினான்.

"ஏலே. இது சோம்புல்லா?"

"ஆமா."

"எப்போருந்து?"

"பரீட்ச எழுதுனதுலருந்து. மாமா சொன்னாவ. வாயத் தொறந்து பாப்பாங்க, இப்பவே நிப்பாட்டிருன்னு." அவன் மாமா கப்பலில் இருக்கிறவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானல?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "எப்படிச் சொல்ல? அந்த ஓட்டப்பிடாரத்துக்காரன நீ என்ன பாடு படுத்துன? பால்புட்டி கட்டித் தொங்கவிட்டல்லா. நான் சொல்லிருந்தா என்னிய மட்டும் விட்டுருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். ஆனால் வேறு ஒரு கேள்வி இருந்தது.

"சரிலே. நான் சிரிப்பேன்னு ஒளிச்ச. எனக்கும் சோம்பக் குடுத்துருக்க வேண்டியதுதான? எனக்கு எதுக்குல நெசமானத குடுத்த?"

"நீ கண்டுபிடிச்சிருவல்லா."

இவ்வளவுதான் சொன்னான். சட்டைப் பையில் தனக்குச் சோம்பு, பேன்ட் பையில் எனக்குப் புகையிலை. நாலு மாதம், ஒவ்வொரு பெட்டிக்கும், சீல் வெட்டும் சத்தம் கேட்டதும் ஒரு பையிலிருந்து எடுத்துத் தன் வாயில் வைத்தான், இன்னொரு பையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தான். மறந்துகூட மாற்றி எடுக்கவில்லை. அந்த நாலு மாதத்தில் அவனுக்கு ஒரு மூட்டைகூடத் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேதம் பொய் என்று யார்டு முழுவதிலும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் நீட்டினான்.

பிறகு இன்னொன்றும் தெரிந்தது. தேயிலைப் பையின் தாளை அளவாக வெட்டி, சோம்பு வைத்து, இஸ்திரிப்பெட்டியால் ஓரத்தை ஒட்டிக் கொடுத்தது அவன் தங்கச்சி. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாளாவது நான் சாப்பிடுவேன். அவன் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தன் பிள்ளை தப்பினால் போதும் என்று.

அன்று பைக்கில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள், "அப்ப நான் காரம் கூடுதலாப் போடலியா?" என்று கேட்டாள். ஒன்றரை வருடம் தன் கைப்பக்குவம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் அவனை ஏசுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் ஏசுகிறேன்.

உதட்டில் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டது. அவன் போய்விட்டான். வந்த ரிசல்ட்டில், இப்போது புற்று இல்லை, விடாவிட்டால் வரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்று இருந்தது. நல்ல செய்திதான். எனக்கு வயது வரம்பு முடிந்திருந்தது.

அன்றே விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. கப்பல் இல்லை, இனி யாருக்காக விட வேண்டும் என்று ஆறை எட்டாக்கினேன். அவன் மேல் இருந்த கோபத்தை என் வாயில் வைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போதே தெரியும். ஆறு மாதம் கழித்து, அடுத்த முறை காட்டப் போனபோது, வெள்ளை பெரிதாகியிருந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. யார்டில் எல்லோர் முன்னாலும், "நான் விட்டுட்டேன், எனக்கு நீட்டாதீங்க" என்று சொன்னேன். மறுநாள் என் டேலி அட்டையில் பால்புட்டி தொங்கியது. யார் கட்டியது என்று கேட்கவில்லை. எந்த வாயோடு கேட்பேன்? ஒரு வாரம் அதை அப்படியே தொங்கவிட்டு எண்ணினேன். எண்ணிக்கை தப்பவில்லை. இடையில் இரண்டு முறை வழுக்கினேன், மறுபடி விட்டேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சீல் வெட்டும்போது உதடு இன்னும் மடங்குகிறது.

போன மாதம் அவன் லீவில் வந்தான். ஞாயிறு மத்தியானம், கையில் சோப்பும் சாக்லேட்டுமாக வாசலில் நின்றான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அம்மா சொன்னாள். நாற்காலி போட்டு, பாறைமீன் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள். எங்கள் வீட்டில் இப்போது பழைய காரம் திரும்பிவிட்டது. அவன் கப்பல் கதை சொல்லிக்கொண்டே ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். இன்னொரு வாய் வைத்தான்.

"மாமி, மொளகாய அள்ளிப் போட்டுட்டீங்களோ? வாயெல்லாம் எரியுது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

கையைப் பிடித்து இழுத்து அவன் மேல்சட்டைப் பையில் விரலைவிட்டேன். பாக்கெட் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். இந்த முறை சோம்பு இல்லை.

"கப்பல்ல எல்லாரும் வைக்கிறாங்கலே. தனியா எப்படி…" என்று இழுத்தான்.

"வாயத் தொற."

"சாப்பிடுதேம்லா."

"தொறன்னு சொல்லுதேன்."

திறந்தான். நானே அவன் கீழுதட்டை இழுத்து, போனில் டார்ச் போட்டுப் பார்த்தேன். எனக்கு முதலில் இருந்த அதே இடம். அதே வெள்ளை, அரிசி அளவு. விரலால் தேய்த்தேன். போகவில்லை.

அடுத்த கப்பலுக்கு அவனுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் மெடிக்கல் இருக்கிறது. அதை அவனேதான் சற்று முன்னால் சொல்லியிருந்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லி விளக்கை அணைத்திருக்கலாம். உதட்டை விட்டுவிட்டு, சாப்பிடு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஆசை வந்தது. பெரிய ஆசை. அந்த உதட்டைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அவன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மெடிக்கலில் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்தானே, அது என் கண்ணுக்குள் வந்தது.

"வெள்ள இருக்கு. தேச்சாப் போகல. இன்னைக்கே விடு. நாளைக்கி டாக்டர்ட்ட காட்டு. இப்படியே போனா மெடிக்கல்ல நிப்பாட்டிருவாங்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் துடைத்தான். "நீ எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்லா. எதுக்குலே சொன்ன?" என்று கேட்டான்.

"நாலு மாசம் நீ சொல்லாதத, சொல்ல எம்புட்டு நேரமாவும்னு பாக்கணும்லா. அதுக்குத்தான்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அம்மா தோளை அழுத்தி உட்காரவைத்தாள். குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவன் சோற்றில் தயிரை ஊற்றினாள். "சாப்பிட்டுட்டுப் போய்யா" என்றாள். நான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவனோடு உட்காரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.